மீன் தொட்டிக்கு முதுகுள்ள ஒரு ஸ்டாண்டு

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம், 10 மி.மீ. கண்ணாடி. நான் வைக்க நினைத்த தொட்டியின் அளவு இது. காலித் தொட்டி 50 கிலோ அளவுதான் இருக்கும். இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அதன் உண்மையான எடை தெரியும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. விளிம்புக்குக் கீழே விரற்கடை விட்டு நிரப்பினாலே ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். அடியில் 5 செ.மீ. உயரத்துக்குச் சரளை பரப்பினால் அது ஒரு 40 கிலோ. பிறகு கல், மரவேர், மூடி, விளக்கு. எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டிவிடுகிறது. அதுவும் வந்து போகும் சுமை இல்லை. வருடக் கணக்கில் இறங்காமல் உட்கார்ந்திருக்கும் சுமை.

இந்தக் கணக்கைப் போட்டதும் "நல்ல கனமான மரமாக வாங்கிவிடு" என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது. மரம் நார் ஓடும் திசையில் அழுத்தத்தைத் தாங்குவதில் கெட்டிக்காரப் பொருள். 90-க்கு 40 மி.மீ. அளவுள்ள சாதாரணக் கட்டையை முக்கால் மீட்டருக்கும் குறைவான உயரத்தில் செங்குத்தாக நிறுத்தினால், மென்மையான பைன் மரமாக இருந்தால்கூட, அது ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும். நமக்கோ நான்கு மூலைக்கும் கால், நடுவில் இன்னும் இரண்டு. மேலிருந்து கீழாக வரும் எடையைப் பற்றி அஞ்ச ஒன்றுமே இல்லை. தேக்குதான் வேண்டும், வைரம் பாய்ந்த மரம்தான் வேண்டும் என்பதெல்லாம் அழகுக்கும் ஆயுளுக்கும் சரி; வலிமைக்கு அவ்வளவு தேவையில்லை. வீட்டில் செய்த ஸ்டாண்டுகள் பழுதாகி நான் பார்த்த இடங்களில் கட்டையின் தடிமன் காரணமாக இருந்ததில்லை. எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது, ஸ்டாண்டு பக்கவாட்டில் ஆடுகிறதா, ஈரம் எங்கே புகுகிறது: இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் கோளாறு இருந்தது.

முதலில் எடை போகும் வழி. மேஜை செய்வதுபோல நான்கு கால்களை நிறுத்தி, அவற்றின் பக்கவாட்டில் குறுக்குச் சட்டங்களைத் திருகால் முடுக்கி, அதன்மேல் பலகையை வைத்துவிடுகிறோம் என்று வையுங்கள். பார்வைக்குக் கச்சிதமாகத்தான் இருக்கும். ஆனால் 300 கிலோவும் இப்போது சட்டத்திலிருந்து திருகுக்கும், திருகிலிருந்து காலுக்கும் போகிறது. திருகு சட்டென்று முறியாது. தன்னைச் சுற்றியுள்ள நார்களை மெல்ல மெல்ல நசுக்கும். வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகும். ஒரு மூலை ஒரு மில்லிமீட்டர் இறங்கும், இன்னொரு மூலை இறங்காது. கண்ணாடிக்கு ஆகாதது இந்த வித்தியாசம்தான்.

அதனால் மேல் சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். பலகை சட்டத்தின்மேல், சட்டம் காலின்மேல், கால் கீழ்ச் சட்டத்தின்மேல், கீழ்ச் சட்டம் தரையின்மேல். எல்லாத் திருகுகளையும் கழற்றிவிட்டாலும், யாரும் கை வைக்காதவரை, தொட்டி அப்படியே நிற்க வேண்டும். வரைபடம் போடும்போது இதைத்தான் சோதனையாக வைத்துக்கொண்டேன்: ஒவ்வொரு இணைப்பிலும் திருகை மனத்துக்குள் அழித்துவிட்டு, மேலே இருக்கும் கட்டை கீழே விழுமா என்று பார்ப்பது. விழும் என்றால் அந்த இணைப்பை மாற்று. மூலைகளில் இரண்டிரண்டு கட்டைகள் வைத்தேன். ஒன்று மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவில் இறுக்கமாக நின்று சுமக்கிறது. மற்றொன்று அதன் உள்பக்கத்தில் ஒட்டி, மேலும் கீழும் சட்டங்களின் உள்முகம்வரை நீண்டு, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. திருகுகள் எல்லாம் இந்த இரண்டாவது கட்டையில்தான். அவற்றுக்கு இருக்கும் ஒரே வேலை, கட்டைகளை இடம் பெயராமல் வைத்திருப்பது.

அடுத்து மேல் சட்டத்தின் நீளக் கட்டைகள். இவற்றைப் படுக்கையாக வைக்காமல் நெட்டுக்குத்தாக, அதாவது 90 மி.மீ. பக்கம் உயரமாக நிற்கும்படி வைக்க வேண்டும். வளைவைத் தடுப்பதில் கட்டையின் உயரத்துக்கு இருக்கும் பங்கு மிகப் பெரிது: உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அதே கட்டையைப் படுக்கப் போட்டால் ஐந்து மடங்கு அதிகமாகத் தொய்யும். மரமும் அதுதான், வாங்கிய விலையும் அதுதான். திருப்பி வைப்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். நடுவில் கால் இல்லாமல் 120 செ.மீ. தூரத்துக்கு விட்டால், நெட்டுக்குத்தாக வைத்த கட்டைகூட இந்தச் சுமையில் நடுப்பகுதியில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வளையும். மாதக் கணக்கில் சுமை நீடித்தால் அந்த வளைவு இன்னும் கூடும். மரத்தின் இயல்பு அது. நடுவில் ஒரு கால் கொடுத்தால் வளைவு பதினாறில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். முன்பக்கத்தில் நடுக்கால் இருந்தால் கதவைத் திறந்து பெரிய பொருள் எதையும் உள்ளே நுழைக்க முடியாதே என்பார்கள். நியாயமான ஆட்சேபணைதான். ஸ்டாண்டின் உள்ளே வடிகட்டித் தொட்டி வைக்கப் போகிறவர்கள் முன்பக்க நடுக்காலை விட்டுவிட்டு, மேல் கட்டையின் உயரத்தை 140 மி.மீ. ஆக்கிக்கொள்ளலாம். எனக்கு உள்ளே வாளி அளவுள்ள கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்றுதான். நடுக்காலை வைத்தேன்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட நேரைத்தான் பார்த்தேன். கட்டையின் ஒரு முனையைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் விளிம்பு ஓடுவதைப் பார்த்தால் வில்போல் வளைந்திருப்பது உடனே தெரிந்துவிடும். முறுக்கு அப்படி எளிதில் தெரியாது. அதற்கு இரண்டு நேரான அடிக்கோல்களைக் கட்டையின் இரண்டு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒன்றின் மேல்விளிம்புக்கு மேலாக மற்றதைப் பார்க்க வேண்டும். இரண்டும் இணையாக இருந்தால் கட்டை நல்லது. கணு இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் நீளக் கட்டையின் அடிவிளிம்பில், நடுப்பகுதியில் பெரிய கணு வரக் கூடாது. வளையும்போது இழுபடும் இடம் அதுதான். ஈர மரம் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் வந்து காயும்போது சுருங்கி, முறுக்கி, நாம் பார்த்துப் பார்த்து வைத்த மட்டத்தையெல்லாம் கலைத்துவிடும். வாங்கிய கட்டைகளைத் தொட்டி நிற்கப்போகும் அறையிலேயே அடுக்கி, நடுவில் சிறு ரீப்பர்கள் கொடுத்துக் காற்றோட விட்டுவிட்டு, அதன் பிறகுதான் வாளை எடுத்தேன்.

கால்களை அறுப்பதில்தான் அதிகப் பொறுமை தேவைப்பட்டது. எல்லாக் கால்களும் 60 செ.மீ. என்று எழுதிவிடலாம்; ஒவ்வொன்றாக அளந்து அறுத்தால் எல்லாம் 60 ஆக வராது. கோட்டின் தடிமன், வாள் பல்லின் தடிமன், கை சாய்வு என்று ஆளுக்குக் கொஞ்சம் திருடிக்கொள்ளும். ஒரு கால் ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் அது நிற்கிறதே தவிரச் சுமப்பதில்லை. அதன் பங்கையும் பக்கத்துக் கால்தான் சுமக்கும். முதலில் சற்று நீளமாக அறுத்து, எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே கட்டையாகப் பாவித்து முனைகளை இழைப்புளியால் சமன் செய்தேன். இழைப்புளி முனை நாரில் ஓடும்போது கடைசிக் கட்டையின் விளிம்பு சிதறும். அங்கே ஒரு வீண் கட்டையைச் சேர்த்துக் கட்டிவிட்டால் சிதறல் அதோடு போய்விடும். பிறகு கிளாம்பைக் கழற்றி, கால்களை வழவழப்பான தரையில் ஒட்டினாற்போல் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அவற்றின் தலைமேல் சுட்டுவிரலை மெல்ல ஓட்டினேன். டேப் காட்டாத வித்தியாசத்தை விரல் நுனி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்குப் போகையில் விரல் எங்காவது தட்டினால், அந்தக் காலின் தலையை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு.

மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் மரப்பசையும் திருகும் சேர்த்தே இணைத்தேன். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது போதாது. மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். 120-க்கு 45 செ.மீ. சட்டத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 128.2 செ.மீ. வந்தால் சட்டம் சதுரித்துவிட்டது என்று பொருள். ஒன்று கூடினால், பசை காய்வதற்குள் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கிளாம்பால் நெருக்கினால் சரியாகிவிடும். திருகு போடும் முன் துளையிட்டுக்கொள்ளாவிட்டால் கட்டை முனை பிளந்துபோகும். ஜிப்சம் பலகைக்கு என்று விற்கும் கறுப்புத் திருகுகளை இங்கே பயன்படுத்த வேண்டாம். அவை விறைப்பானவை, வளையாமல் படக்கென்று முறியும் சுபாவம் உள்ளவை. கடல்நீர் மீன் வளர்ப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகுத் திருகுக்குச் செலவு செய்துவிடுவது நல்லது.

இந்தக் கட்டத்தில், அதாவது எலும்புக்கூடு மட்டும் நின்றபோது, தெரிந்த தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். நாற்பது வருடமாகக் கதவும் கட்டிலும் செய்தவர். நான் அதன்மேல் ஏறி நின்று காட்டினேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இறங்கச் சொல்லிவிட்டு, மேல் சட்டத்தின் ஒரு முனையில் உள்ளங்கையை வைத்து, நீளவாக்கில் ஒரு தள்ளு தள்ளினார். சட்டம் முனகிக்கொண்டு லேசாகச் சாய்ந்து, கையை எடுத்ததும் திரும்பி வந்தது.

"தம்பி, இதற்கு முதுகே இல்லையே" என்றார்.

"பின்னால் பிளைவுட் அடிக்கத்தான் போகிறேன் அண்ணே. 4 மி.மீ. போதுமா?"

"ஆணியில் தொங்கவிடுவதற்குப் போதும். சாய்வைத் தாங்க வேண்டுமென்றால் 9-க்குக் குறையாதே. ஓரம் முழுக்கப் பசை வை. இரண்டு பக்கவாட்டிலும் அடி."

அவர் சொன்னதன் காரணத்தை உள்பெட்டியை உருவிய தீப்பெட்டியில் பார்த்துக்கொள்ளலாம். மேலிருந்து நேராக அழுத்தினால் தாங்கும். ஒரு விளிம்பைச் சற்றுத் தள்ளினால் தட்டையாகப் படுத்துவிடும். நான்கு கட்டைகளாலான செவ்வகம் மூலைகளில் மட்டும்தான் தன் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் முகத்தில் ஒரு முழுப் பலகையைப் பசையால் ஒட்டி விளிம்பெங்கும் திருகிவிட்டால், செவ்வகம் சாய்வதற்கு அந்தப் பலகையே கிழிந்தாக வேண்டும். 9 மி.மீ. பிளைவுட்டை அந்தத் திசையில் கிழிக்க வீட்டில் யாராலும் முடியாது. பின்பலகை நீளவாக்கு ஆட்டத்தை நிறுத்துகிறது. பக்கப் பலகைகள் முன்பின் ஆட்டத்தை நிறுத்துகின்றன. இரண்டும் வேண்டும். மூலைக்கு மூலை இரும்பு எல் பட்டைகளைத் திருகிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மெல்லிய பட்டை தானே வளைந்துகொடுக்கும், அதை நம்ப முடியாது. தொட்டித் தண்ணீர் அலையடிப்பதையும் மறக்கக் கூடாது. குழந்தை ஓடி வந்து மோதினாலோ, யாராவது கை ஊன்றி எழுந்தாலோ, 200 லிட்டர் நீர் ஒரு பக்கம் போய்த் திரும்பும். அந்தத் தள்ளு முழுவதும் ஸ்டாண்டின் தலையில்தான்.

பலகைகளை அடித்த பிறகு அதே முனையில் நானே கை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். ஸ்டாண்டு சாயவில்லை, மொத்தமாகத் தரையில் நகர்ந்தது. அப்படித்தான் நகர வேண்டும். குழாய்களுக்காகப் பின்பலகையில் போட்ட துளைகளைக்கூட மூலையில் போடாமல், விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வட்டமாகப் போட்டேன். சதுரமாக வெட்டினால் மூலைகளிலிருந்து பிளவு கிளம்பும்.

ஈரத்துக்கு வருகிறேன். உறவினர் ஒருவர் டி.வி. வைக்கும் மேஜைமேல் சிறிய தொட்டி வைத்திருந்தார். பளபளப்பான மேல்தாள் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு. தொட்டி கசியவில்லை. தீனி போடும்போதும் நீர் மாற்றும்போதும் கையிலிருந்து சொட்டும் நீர்தான் விளிம்பில் தேங்கி, மேல்தாளின் ஓரம் வழியாக உள்ளே போயிருக்கிறது. போர்டு அங்கே பொருமி, மேல்தாள் கொப்புளித்து, தொட்டியின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. நல்ல வேளையாக விரிசல் விழும் முன் பார்த்துவிட்டார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் ஈரத்தில் ஒருமுறை ஊதினால், காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. எம்.டி.எஃப். பலகைக்கும் இதே கதிதான். மேல்பலகைக்கு நான் போட்டது 18 மி.மீ. மரைன் பிளைவுட். பிளைவுட்டிலும் ஈரம் புகும் இடம் அதன் வெட்டுவிளிம்பு. அடுக்குகள் தெரியும் அந்த ஓரத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. மரக்கட்டைகளுக்கும் அப்படியே: பக்கவாட்டைவிட வெட்டுமுனை பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும்.

அதனால் வார்னிஷ் அடிக்கும்போது வெளியே தெரியும் முகங்களுக்குக் கொடுத்த கவனத்தைவிட அதிகமாகத் தெரியாத இடங்களுக்குக் கொடுத்தேன். பிளைவுட் விளிம்பு, கீழ்ச் சட்டத்தின் அடிப்பக்கம், துளைகளின் உள்வட்டம். பாலியூரிதேன் வார்னிஷை முதல் பூச்சுக்குச் சற்று நீர்க்கக் கரைத்து அடித்தால் நார்களுக்குள் இறங்கும். பிறகு கெட்டியாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய உப்புத்தாள். உள்ளறையில் மூக்கை நுழைத்தால் வாசனை வராத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் தொட்டியை அருகில் கொண்டுவர வேண்டும். ஏர் பம்ப் ஸ்டாண்டுக்குள் இருந்தால் அங்குள்ள காற்றைத்தான் அது மீன்களுக்கு அனுப்புகிறது.

தொட்டிக்கும் பலகைக்கும் இடையே மெத்தை போடுவதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. தொட்டியைத் தலைகீழாகப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். அடிக்கண்ணாடி முழுவதும் பலகையைத் தொடும் வகை என்றால், 5 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் ஷீட்டோ தெர்மோகோலோ போட்டே ஆக வேண்டும். ஒரு மணல் துகள் மாட்டினாலும் எடை முழுவதும் அந்தப் புள்ளியில் குவியாமல் அது காக்கும். சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் இருந்து, அடிக்கண்ணாடி அதற்குள் சற்று உயர்ந்து மிதக்கும் வகை என்றால், எடை சட்டத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும். அங்கே மெத்தை போட்டால் அது அடிக்கண்ணாடியை மேல்நோக்கித் தள்ளக்கூடும். அந்த வகைக்குப் போடாமல் விடுவதே முறை. எப்படியானாலும், மெத்தை சிறு மேடு பள்ளத்தைத்தான் விழுங்கும். முறுக்கிய சட்டத்தை நேராக்காது. மேல்பலகை 18 மி.மீ. இருந்தாலும் சட்டம் எப்படி முறுக்கியிருக்கிறதோ அப்படியே தானும் முறுக்கிக்கொள்ளும்.

ஸ்டாண்டைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, குழாய்க்கு இடம் விட்டு நிறுத்தினேன். ரசமட்டத்தை நீளத்தில், அகலத்தில், பிறகு இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்துப் பார்த்தேன். தரை சரியில்லாத இடத்தில் ஆப்பு கொடுப்பது கீழ்ச் சட்டத்துக்கு அடியில்தான். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எதையும் செருகக் கூடாது. அட்டையை மடித்து வைப்பதும் கூடாது. ஈரம் பட்டால் அது இல்லாமலே போய்விடும். கெட்டியான பிளாஸ்டிக் துண்டுகள் நல்லவை. ஒரே சீராகச் சற்றுச் சாய்ந்த தொட்டி பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான். ஒரு மூலை மட்டும் தாழ்ந்து முறுக்கு ஏறிய தொட்டிதான் ஆபத்து; அந்த இழுப்பு சிலிக்கான் இணைப்புக்குப் போகிறது. மாடியில் வைப்பவர்கள் தளத்தையும் நினைக்க வேண்டும். இந்த அளவுத் தொட்டியைச் சுவரோரம், உத்தரங்களுக்குக் குறுக்காக வைத்தால் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆறடித் தொட்டி, மரத்தளம் என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

சரளை போடுவதற்கு முன் வெறும் நீரால்தான் சோதித்தேன். கால் பங்கு, அரை, முக்கால் என்று நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு மூலையிலும் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம்வரை அளவுகோல் வைத்து அளந்தேன். நீரைவிடத் துல்லியமான மட்டக்கருவி கிடையாது. நான்கு அளவுகளும் ஒன்றோ இரண்டோ மில்லிமீட்டருக்குள் அடங்கி, அரை நிலையில் இருந்த வித்தியாசமே முழு நிலையிலும் இருந்தால் ஸ்டாண்டு எங்கும் அமுங்கவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். நிறைய நிறைய ஒரு மூலையின் அளவு மட்டும் மற்றவற்றைவிடக் குறைந்துகொண்டே போனால் அங்கே ஏதோ இறங்குகிறது. நீரை இறக்கிவிட்டுத்தான் ஆப்பில் கை வைக்க வேண்டும். நிறைந்த தொட்டியை நெம்பித் தூக்கி ஆப்பு செருகும் வீரம் யாருக்கும் வேண்டாம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பிளக் பாயின்ட் பெட்டியை ஸ்டாண்டின் தரையில் போடாமல் பக்கப் பலகையில் உயரத்தில் திருக வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலேறிப் போனால், வயர் வழியாக வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணையும் பாதுகாப்பு சுவிட்ச் இருப்பது அவசியம். கதவு வைத்தால் பின்பக்கத் துளைகளை மூடிவிடாதீர்கள். உள்ளே புழுக்கம் தங்கினால் கீல் துருவேறும், பலகையில் பூஞ்சை பிடிக்கும்.

நீர் மாற்றும்போதெல்லாம் ஒரு துணியால் மேல்பலகையின் விளிம்பைச் சுற்றித் துடைத்துவிட்டு, பின்பக்கம் கையை விட்டு அடிவிளிம்பைத் தடவிப் பார்க்கிறேன். சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் வார்னிஷ் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தை உலரவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, ஒரு பூச்சு அடித்தால் போதும். தொட்டியை இறக்க வேண்டியதில்லை.